என் அறை டிவிக்குத் தனிக் கட்டணம்

கார்த்திகை, திங்கட்கிழமை இரவு.

டிஷ்காரத் தம்பி இன்று வந்தான். ஒரே வீடானாலும் இரண்டாவது டிவியின் பெட்டிக்கு இனி மாதாமாதம் தனிக் கட்டணமாம். அது என் அறையில் இருப்பது. மகன் செல்வம் என் முகத்தைப் பார்த்தான். அவன் வாய் திறக்கும் முன் நானே முந்திக்கொண்டேன்.

“கழட்டச் சொல்லுலே. நான் என்னத்தப் பாக்கேன்?”

கேட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பெட்டி போனால் மருமகள் கனி என் அறைப் பக்கமே வரமாட்டாள். நாடகம் பார்க்கும்போதுதான் நாங்கள் இருவரும் நாலு வார்த்தை பேசுகிறோம். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கனி பாதி உரித்த இறாலோடு அடுப்படியிலிருந்து வந்தாள். “கழட்டுனா நான் எங்கன போய்ப் பாக்க அத்த? ஹால்ல உங்க மவன் கிரிக்கெட் வச்சா எந்திரிக்கவே மாட்டாவ.”

“ஏளா, நாடகத்துல வார மாமியாக்காரி என்னைய மாதிரியே இருக்கான்னு நொட்டம் சொல்லணும் ஒனக்கு.”

“பொறவு? இல்லியா?”

செல்வம் சிரித்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிட்டான்.

நாடகம் முடிந்து வெகுநேரமாயிற்று. கனி என் கட்டிலில் கால்மாட்டிலேயே தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லை. வெளிச்சம் அவள் கண்ணில் படுகிறது, விளக்கை அணைக்கிறேன்.