குணுக்கு அறுந்த காது

1937, தை 21, செவ்வாய்

இடது பக்கம் படுக்க முடியவில்லை. வலது பக்கம் திரும்பினால் ஆத்தாவின் முகம். தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரிக் கிடந்து என்னைப் பார்க்கிறாளா? அதனால்தான் எழுந்து தானியக் குலுக்கைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். விளக்கைத் தணித்து வைத்திருக்கிறேன்.

அய்யா போலீஸ் ஸ்டேசனுக்குப் படுக்கப் போய்விட்டார். திருட்டுச் சாதி என்று சொல்லி சர்க்கார் கைரேகை வாங்கிவைத்த ஆம்பளைகள் எல்லாம் பொழுது சாய்ந்ததும் அங்கே போய்விட வேண்டும். விடிந்துதான் விடுவார்கள். இந்நேரம் ஊரில் பொம்பளைகளும் பிள்ளைகளும் நாய்களும்தான்.

காது நேற்றைவிட வீங்கியிருக்கிறது. பால்குடி மறந்த நாளிலிருந்து ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு வளர்த்த காது. தோளைத் தொடப் போகிறது என்று பொங்கலன்றுதான் ஆத்தா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இப்போது சோணை அறுந்து இரண்டு வால் மாதிரித் தொங்குகிறது.

"எப்பிடிடீ அறுந்துச்சு?" என்றாள்.

"விளையாடும்போது மாட்டிக்கிருச்சு."

"யாரோட விளையாண்ட?"

"செல்லக்கிளியோட."

எப்போதும் அவளோடுதான் விளையாடுகிறேன். அந்தப் பேர் வாயில் வந்துவிட்டது. வேறு ஒன்றும் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

நடந்தது வேறு. நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, பின்னக் கணக்கு முடிக்கவில்லை என்று என்னை மட்டும் வாத்தியார் உட்காரவைத்தார். புது வாத்தியார், சந்தானம் என்று பேர், தஞ்சாவூர்ப் பக்கம். மூன்றாம் தடவையும் தப்பாகப் போட்டேன். காதைப் பிடித்துத் திருகினார். அவர் ஊரில் வாத்தியார்கள் அப்படித்தான் செய்வார்கள் போல. அங்கே பெண்பிள்ளைகள் குணுக்குப் போட மாட்டார்களோ என்னவோ. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

அவர் பெருவிரலில் ரத்தம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் துண்டை எடுத்து என் காதில் அழுத்தினார். "அம்மா, தெரியாமப் பண்ணிட்டேம்மா, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைப் போய் அம்மா என்றார்.

வாசலில் செல்லக்கிளி நின்றிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள்.

நான் சொன்னால் என்ன ஆகும்? பொட்டப்பிள்ளையின் காதை அறுத்தவனை எங்கள் ஊர் ஆம்பளைகள் சும்மா விட மாட்டார்கள். அய்யா முதல் ஆளாகப் போவார். போன வருசம் மொக்கையன் சித்தப்பா சாராயக் கடையில் ஒருவனை ஒரே ஒரு அறைதான் அறைந்தார். ரேகை வைத்த கை என்று சொல்லி உள்ளே போட்டுவிட்டார்கள். இன்னும் வரவில்லை. அவர் பெஞ்சாதி அடுத்தவன் காட்டில் பருத்தி எடுக்கிறாள்.

அய்யா போகக் கூடாது. சொல்ல மாட்டேன்.

தை 22, புதன்

காய்ச்சல்.

தை 24, வெள்ளி

தலையில் குடம் வைக்கக் கூடாதாம். தண்ணீர் ஒழுகிக் காதில் பட்டால் சீழ் வைக்குமாம். பள்ளிக்கூடமும் வேண்டாமாம். பகல் முழுக்க உட்கார்ந்து பருத்தியில் ஒட்டின சருகைப் பொறுக்கினேன். குனிந்தால் காது விண்விண் என்று தெறிக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சி ஊற்றி ஆத்தா கட்டியிருக்கிறாள். அந்த வாடைக்கு ஈ வருகிறது. ஒரு கையால் ஈ ஓட்டி ஒரு கையால் பருத்தி பார்த்தேன்.

"குணுக்கு எங்கடீ?" என்றாள் ஆத்தா.

தெரியலை என்றேன். பள்ளிக்கூடத்துத் தரையில் உருண்டது தெரியும். அதை எப்படிச் சொல்வேன்.

அய்யா பக்கத்தில் வந்து குனிந்து காதைப் பார்த்தார். எப்படி அறுந்தது என்று கேட்கவில்லை. "வலிக்குதா தாயி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தை 27, திங்கள்

விருமாண்டி மாமா வந்தார். ஆத்தாவின் தம்பி, ரேகை வைக்காத ஆள். பேரையூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்னடி மருமகளே, காதுல தூளி கட்டியிருக்க? யாரைப் போட்டுத் தாலாட்டுற?" என்று சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு அறுத்தது?"

ஆத்தா நான் சொன்னதையே சொன்னாள். மாமா வாழைப்பழத்தைக் கீழே வைக்கவே இல்லை. கையில் பிடித்தபடியே பேசினார். "ஆசாரிகிட்டத் தண்டட்டிக்குச் சொல்லிட்டு நேரா இங்க வாரேன்க்கா. காது குத்துனவன் நானு. இந்தக் காதுல தண்டட்டி போடப் போறவன் நானு. எவளோ அறுத்துட்டுப் போவாளா?"

அந்த நேரம் பார்த்தா செல்லக்கிளி வரணும்! கொல்லைப்பக்கம் வந்து நின்று "அன்னக்கொடி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அவள் உள்ளங்கையில் என் குணுக்கு. பள்ளிக்கூடத்தில் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறாள்.

மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"இவதானா? மருது மகதான நீ?"

செல்லக்கிளி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று பார்த்தாள். நான் — நான் தரையைப் பார்த்தேன். அவள் குணுக்கைக் கொல்லைப்படியில் வைத்துவிட்டு ஓடினாள்.

"புதன்கிழமை வாரேன். ஆளோட வாரேன். கீழத்தெருவுல மருதுவை வெளிய கூப்பிட்டுக் கேக்குறேன், என்னடா புள்ள வளத்தேன்னு." சாப்பிடாமல் போய்விட்டார்.

மருது எங்கள் காட்டில்தான் ஏர் ஓட்டுகிறார். என்னைப் பார்த்தால் "சின்னாத்தா" என்று கூப்பிடுவார். மாமா ஆளோடு போனால் கேட்டுவிட்டு மட்டும் வர மாட்டார்.

என்னடி செஞ்சு வச்சிருக்க நீ. அய்யாவைக் காப்பாத்துறேன்னு யாரைக் கொண்டுபோயி நிறுத்தியிருக்க.

தை 28, செவ்வாய்

காலையில் செல்லக்கிளியின் அம்மா முனியாயி கொல்லையில் வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தாயி, எம் புள்ள செஞ்சிருந்தா எங் கையாலயே சூடு வைக்கிறேன். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. ஆம்பளையாள ஒண்ணும் செஞ்சிற வேணாம்னு ஒங்க தம்பிகிட்டச் சொல்லுங்க. அவரு ஒருத்தர் கைதான் எங்களுக்கு" என்றாள். ஆத்தா மாட்டுக்குத் தவிடு கலக்கினாள்.

செல்லக்கிளி பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. எனக்காகவா? சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்றா?

சாயங்காலம் அய்யா ஸ்டேசனுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மாட்டைக் கட்டப் போனார். பின்னாலேயே போனேன். "அய்யா, செல்லக்கிளி இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு வைத்து அழுத்தினதையும் சொன்னேன். என்னைய அம்மான்னாரு என்றும் சொன்னேன். அது எதற்கு என்று தெரியவில்லை, சொல்ல வேண்டும் போல் இருந்தது.

தொழுவத்துக் கூரையில் அருவாள் செருகியிருக்கும். அய்யாவின் கண் அங்கே போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை போனது. போய்த் திரும்பிவிட்டது.

"வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. ஒங்காத்தாகிட்டயும் சொல்லாத. அவ தம்பிகிட்ட ஒண்ணையும் மறைக்க மாட்டா."

"சொல்ல மாட்டேன்."

முளையில் கயிற்றை இரண்டு தடவை சுற்றிவிட்டு, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். நாளைக்கு என்ன செய்யப்போகிறார்? ஸ்டேசனில் படுத்துக்கொண்டு என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? விடிந்ததும் நேரே வாத்தியாரிடம் போய்விடுவாரோ? சாமி, விடியாமலே இருக்கக் கூடாதா.

தை 29, புதன்

மாமா வந்தார். கூட இரண்டு பேர். கம்பு வைத்திருந்தார்கள். ஆத்தா மோர் கொண்டுவந்தாள், யாரும் வாங்கவில்லை.

அய்யா வாசலில் நின்றபடியே சொன்னார். "மாப்ள, கீழத்தெருவுக்குப் போக வேணாம். நான்தான் அடிச்சேன்."

"என்னது?"

"தண்ணி கொண்டாரச் சொன்னேன். எதுத்துப் பேசுனா. கைய வீசுனேன், குணுக்குல மாட்டிக்கிருச்சு. புள்ள பயந்துபோயி வேற மாதிரிச் சொல்லிட்டா. எனக்கும் வெக்கமா இருந்துச்சு, சும்மா இருந்துட்டேன். கெடந்த குணுக்கைப் பொறுக்கியாந்து குடுத்த புள்ள அது. அதுமேல போயி..."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இல்லை என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மாமா கம்பைக் கீழே போட்டார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ராத்திரி பூராம் போலீசுக்காரன் காலடியில கையக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டு, பகல்ல பொட்டப்புள்ளைகிட்ட வந்து வீரமா மச்சான்?"

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அய்யா தலையைக் குனிந்தார். எங்கள் அய்யா தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை.

"தண்டட்டி வராது. அக்கா வரலாம், புள்ளை வரலாம். ஒங்களுக்கு எங்க வீட்டு வாசப்படி இல்ல."

அவர்கள் போன பிறகு ஆத்தா அய்யாவைப் பார்த்தாள். மோர்ச் செம்பைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

மாசி 2, சனி

அய்யாவுக்குக் கும்பாவில் கஞ்சியை ஊற்றி நகர்த்திவிட்டு ஆத்தா அடுப்படிக்குப் போய்விடுகிறாள். உப்பு வேண்டுமென்றால் அய்யா என்னிடம் கேட்கிறார்.

காது காய்கிறது. அரிக்கிறது.

மாசி 4, திங்கள்

"பள்ளிக்கூடம் கெளம்பு" என்றார் அய்யா. அவரும் வந்தார்.

வாத்தியார் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்து நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். அய்யாவின் தோளுயரம்கூட இல்லை. பிள்ளைகள் எல்லாம் வாய்ப்பாடு சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

"புள்ளைக்குக் கணக்கு வருதா?" என்றார் அய்யா.

"வரும். நல்லா வரும்."

"தப்பாப் போட்டா கையில அடிங்க. காதைத் தொடாதீங்க. எங்க பக்கம் காது மாமன் சொத்து."

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "பெரியவரே, நான் அன்னிக்கே வந்து உங்ககிட்ட..."

"வேணாம். எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். சொன்னா நான் கேட்டவனாயிருவேன்."

இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னார். ஆனால் நான் பின்னால் நின்றதால் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடித்த இடம் வெளுத்திருந்தது. திரும்பிப் போகிறபோதும் விடவில்லை, கண்மாய்க்கரை திரும்புகிறவரை.

இன்று பின்னக் கணக்கு எல்லாம் சரி.

மாசி 6, புதன்

செல்லக்கிளி வகுப்பின் கடைசியில் தன் சாக்கில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கம் திரும்புவதில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறபோது பக்கத்தில் போய், என் மேல கோவமா என்று கேட்டேன்.

"ஒனக்குக் காது போச்சு. எங்கய்யனுக்கு உசுரு போயிருக்கும்" என்றாள்.

பிறகு, "ஒங்கய்யா நல்லவரு" என்றாள். நான் நல்லவள் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டாள்.

மாசி 13, புதன்

ஊரில் பேச்சு. கிணற்றடியில் நான் வருவதைப் பார்த்ததும் நிறுத்துகிறார்கள். "மக காதையே அறுத்தவன்" என்பது மட்டும் காதில் விழுந்தது. அய்யா முன்பெல்லாம் ஸ்டேசனுக்குப் போகிறபோது நாலு பேரோடு பேசிக்கொண்டு போவார். இன்று கடைசியாகத் தனியாகப் போனார்.

ஆத்தாவிடம் சொல்லிவிடட்டுமா? அய்யாவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகும்? மாமாவுக்குத் தெரிந்தால் வாத்தியார் என்ன ஆவார்? ஒவ்வொரு ராத்திரியும் இதே.

மாமாவின் கைப்பிள்ளைக்கு அடுத்த புதன் காதுகுத்தாம். ஆள் வந்து ஆத்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனது. அய்யா அங்கேதான் இருந்தார்.

மாசி 20, புதன்

விடியற்காலையிலேயே ஆத்தா கிளம்பிவிட்டாள். பச்சரிசி, தேங்காய், பிள்ளைக்குச் சட்டை எல்லாம் கட்டி வைத்திருந்தாள். அய்யா ஸ்டேசனிலிருந்து வந்து வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

ஆத்தா எனக்குத் தலை சீவினாள். காது பக்கம் வந்ததும் சீப்பு மெதுவாகிவிட்டது. புண் ஆறிவிட்டது. ஆறி, இரண்டு வாலாகவே நின்றுவிட்டது. ஒட்டவில்லை.

"ஏண்டி, அய்யா ஒன்ன அடிச்சாரா?"

நான் பேசவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆமாம் என்றும் வாய் வரவில்லை. சீப்பு தலையிலேயே நின்றது.

"நீ பொறந்ததுல இருந்து ஒன்ன ஒரு வார்த்தை வஞ்சதில்ல அந்த மனுசன்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு சடையைப் பின்னி முடித்துவிட்டு எழுந்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. பெரியம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏறு இருளாயி, நேரமாச்சு. தம்பி தேடப்போறான்."

ஆத்தா மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தாள். ஏறவில்லை.

"சீரை மட்டும் கொண்டுபோயிக் குடுத்துரு, அக்கா. நான் வரலை."

"என்னடி இது? அத்தைக்காரி இல்லாம காதுகுத்தா?"

"இந்த ஆளுக்கு இல்லாத வாசப்படி எனக்கு எதுக்கு? நீங்க போங்க."

வண்டி போய்விட்டது. ஆத்தா கொஞ்ச நேரம் அது போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி மேல் அவளுக்கு உயிர். பிறகு மரத்தடிக்குப் போனாள். நான் கதவோரம் நின்றேன்.

"என்ன கொழம்பு வைக்க?" என்று அய்யாவிடம் கேட்டாள்.

அய்யா பாதி திரித்த கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "கருவாடு கெடக்கா?" என்றார்.