அப்பா மெயினை அணைத்துவிட்டார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, பழையது எதுவும் போகவும் இல்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இன்ஜின் ரூமில் காதடைப்பானைக் கழற்றாமல் வேலை செய்கிறாயா என்று இரண்டையும் எழுது. உன் கப்பலில் சேரப் போகிற சமையல்காரர் நாளைக் காலை புறப்படுகிறார், ஏஜெண்ட் ஆபீஸ் மூலம் தேடிப்பிடித்தேன், நல்ல மனிதர், கடிதம் மட்டும்தான் கொண்டுபோவேன் பார்சல் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் ஊறுகாய் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன், துறைமுகத்தில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் பாதி "கேக்குதா கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது.

கம்ப்யூட்டர் ஓடவில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ அன்றைக்குப் போனில் என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஓடுச்சுன்னா சொன்ன தேதிக்கு இறங்கிடறேன், ஓடலன்னா காண்ட்ராக்டை இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கறேன், புது மெஷின் வாங்கிடலாம், அடுத்த துறைமுகத்துல கேப்டன்கிட்ட பதில் சொல்லணும்" என்றாய். நீ பதில் சொல்லுமுன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் அந்தச் சமையல்காரர் வீட்டு வாசலில் இரண்டு முறை போய் நின்றேன்.

நீ லீவில் வந்து நம் கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொடுத்துவிட்டுப் போன முதல் வாரத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. கறுப்புப் பெட்டி ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்டது, நான் அடிக்கிறேன், ஓர் எழுத்தும் விழவில்லை, புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு போச்சு என்றேன். அவ்வளவுதான், உன் அப்பாவுக்குக் கை ஊறிவிட்டது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு பொத்தானாகப் பெயர்த்துச் சூப் கிண்ணத்தில் போட்டு சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து மாட்டினார். இரண்டு பொத்தான்கள் இடம் மாறிவிட்டன. எனக்குக் கவலையில்லை, நான் பார்த்து அடிக்கிறவள் இல்லை. அவர்தான் ஒவ்வொன்றாகத் தேடி அடித்துவிட்டு லினக்ஸுக்குப் படிப்பு வராது என்று திட்டினார். பிறகுதான் நீ எழுதிவைத்த நான்கு தாள்களில் இரண்டாவதில் பார்த்தேன், பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டு என்று எழுதியிருந்தாய். அதன்பின் பழகிவிட்டது. நீ அமைத்துக்கொடுத்தபடி கால் பெடலும் வேலை செய்தது, மிதித்தால் நான் கேட்டு ரிப்போர்ட்டாக அடிக்க வேண்டிய பதிவில் டாக்டர் பேசினார், எடுத்தால் நின்றார். பதினேழு வருஷமாக அந்தப் பெடலை மிதிக்கிற கால் இது, அது ஒழுங்காக இருந்தால் எனக்கு மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் சரி.

கெட்டது கம்பெனியிலிருந்து வந்தது. இனிமேல் டாக்டர்களின் குரல் பதிவுகளை அவர்களுடைய புதிய மென்பொருள் வழியாகத்தான் கேட்க வேண்டுமாம், அது புதிய விண்டோஸில் மட்டும் ஓடுமாம், வருகிற திங்கட்கிழமைக்குள் அதில் நுழையாதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படுமாம். நம் பழைய மெஷின் புதிய விண்டோஸைத் தாங்காது என்பதால்தானே நீ லினக்ஸே போட்டாய். மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முக்கால் மணி நேரம் பாட்டைக் கேட்கவைத்தபின் எடுத்தாள். நம் வீட்டில் லினக்ஸ் என்றேன். "லினக்ஸா, அது எந்தக் கம்பெனி ஆண்ட்டி?" என்றாள். எந்தக் கம்பெனியும் இல்லை, உலகம் முழுக்கப் பலபேர் சேர்ந்து செய்து சும்மா கொடுப்பது என்று நீ சொன்னதைச் சொன்னேன். "ஓனரே இல்லாததையா வச்சிருக்கீங்க?" என்று பதறிப்போனாள், ஏதோ திருட்டுச் சாமானை வீட்டில் வைத்திருக்கிறேன் என்பது போல. இன்னும் இரண்டு மாதம் தவணை கொடுங்கள், என் பெண் வந்துவிடுவாள் என்றேன். "சிஸ்டத்துல அப்படி ஆப்ஷன் இல்ல ஆண்ட்டி" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அவளும் ஏதோ ஒரு பட்டியலில் இருப்பவள்தான். ஆனால் யோசித்துப் பார், வேலை அவர்களுடையது, நாற்காலி என்னுடையது, மேஜை என்னுடையது, கரண்டு என்னுடையது, காது என்னுடையது, கால் என்னுடையது, இப்போது கம்ப்யூட்டரும் அவர்கள் சொல்கிற மாதிரியில் நானே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த மெஷின், யாரோ எங்கோ உட்கார்ந்து இது செத்துவிட்டது என்று சொன்னால் செத்துவிட வேண்டுமா? ஒரு பழைய பஸ்ஸைக்கூடப் படுத்துவிட்டால்தானே ஓரம் கட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் நீ துறைமுகத்திலிருந்து பேசினாய். விண்டோஸுக்குச் செய்ததை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, ஓடலாம் ஓடாமலும் போகலாம், முதலில் எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள் என்றாய். நான் பால் கணக்குச் சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டேன், முழுதும் எழுதுமுன் லைன் போய்விட்டது. அன்று மத்தியானமே உட்கார்ந்தோம். நீ சொன்ன வரியை நான் அடித்தேன், அப்பா ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்தார், என்டர் தட்டியதும் எழுத்துக்கள் மழை மாதிரி கொட்டின. இருவருக்கும் பெருமை தாங்கவில்லை, அப்பா "பாத்தியா, பொண்ணு இல்லாமலே ஓட்டறோம்" என்றார். அரை மணி நேரம் கழித்து நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய் அங்கேயே உட்கார்ந்து மடித்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் ஃபேன் நின்றிருந்தது, ஃபிரிட்ஜ் நின்றிருந்தது. அப்பா மெயின் சுவிட்சின் கீழே நின்றுகொண்டிருந்தார்.

திரையில் ஒரே வரி அசையாமல் நின்றதாம். மவுஸை ஆட்டிப் பார்த்திருக்கிறார், அசையவில்லை. நாற்பது நிமிஷம் பார்த்துவிட்டு மெயினை அணைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர், லிஃப்ட் நடுவில் நின்றால் முதல் வேலை மெயினை அணைப்பது, அதற்கப்புறம்தான் கதவில் கை வைப்பது, அந்த ஒழுங்கைக் காப்பாற்றியதால்தான் அவர் கையும் காலும் முழுசாக வீடு வந்து சேர்ந்தன. அப்டேட் ஓடும்போது ஆஃப் செய்யாதே என்று உன் நாலாவது தாளில் இருந்தது. அது என் ஜாக்கெட்டில் செருகியிருந்தது, மாடியில் காற்றில் படபடத்துக்கொண்டு. இரண்டு பேரும் ஒரே தாளை வைத்துக்கொண்டு வேலை செய்தால் இப்படித்தான், தாள் இருக்கிற ஆள் ஓரிடம், கை இருக்கிற ஆள் ஓரிடம்.

மறுபடி போட்டால் கறுப்புத் திரை, மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்மினுக்கென்று அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். என்ன அடித்தாலும் கேட்கவில்லை. தெரு முனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் இருவருமாகத் தூக்கிக்கொண்டு போனோம், அப்பா முட்டி வலியோடு பெட்டியைத் தூக்கினார், நான் கொடுங்கள் என்றதற்குக் கொடுக்கவில்லை. கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, "லினக்ஸ் எல்லாம் நாங்க தொடறதில்ல ஆண்ட்டி, இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துக்கங்க, உங்க வயசுக்கு எதுக்கு இந்த வம்பு" என்றார். வயசு என்ன வயசு, நான் ஒரு நாளைக்குக் கேட்டு அடிக்கிற பக்கங்களை அவர் அடித்தால் விரல் கழன்று விழும். கீழ் வீட்டு டியூஷன் டீச்சரின் போனில் லினக்ஸ்காரர்கள் கூடுகிற ஒரு பக்கத்தைத் தேடி என் கஷ்டத்தை எழுதினோம். ஒருவர் எந்த வெர்ஷன் என்று கேட்டார். ஒருவர் லாக் அனுப்புங்கள் என்றார். ஒருவர் முதலில் படித்துவிட்டு வந்து கேளுங்கள் என்று எழுதியிருந்தார், எதை என்று சொல்லவில்லை. ஒரே ஒரு புண்ணியவான் மட்டும் பொறுமையாக நீளமாக எழுதியிருந்தார், படிக்கப் படிக்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது, இன்னொரு கம்ப்யூட்டரில் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து இதில் செருகினால் பிழைத்துக்கொள்ளும் என்று. டீச்சரிடம் ஆன்லைன் டியூஷன் ஆபீஸ் கொடுத்த லேப்டாப்தான் இருக்கிறது, அதில் பென் டிரைவ் செருகினால் எடுத்துக்கொள்ளாது, அவர்கள் ஆபீஸ் பூட்டி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் செய்து தரமாட்டேன் என்றார், ஏதாவது ஆனால் என் தலையில் விழும் என்று. ஓடாத கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஓடுகிற கம்ப்யூட்டர் வேண்டும், அது இருந்தால் நான் ஏன் இங்கே அழுகிறேன்? லினக்ஸைச் சும்மாதான் கொடுக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அதை யாரும் சும்மா கொடுப்பதில்லை. எனக்கு இருந்த ஓர் ஆள் நீ, கடலில் இருக்கிறாய்.

இன்று சனிக்கிழமை. நாளை மறுநாள் அவர்கள் சொன்ன திங்கள். நீ இதைப் படிக்கும்போது என் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேசுகிற எலும்பு டாக்டர், எதையாவது மென்றுகொண்டே பேசுகிற குழந்தை டாக்டர், யாருடைய ரிப்போர்ட் மோசமாக இருந்தாலும் கடைசியில் குரலைத் தாழ்த்துகிற அந்த டாக்டரம்மா, இவர்களை இனிக் கேட்க மாட்டேன். அவர்களுக்கு நான் இருந்ததே தெரியாது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. காண்ட்ராக்டை நீட்டிக்கிற தாளில் கையெழுத்துப் போடாதே. போன தடவை நீ இறங்கி வந்தபோது இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை, டீவி சத்தத்தை ஏற்றி வைத்தாய், நான் கவனித்தேன், கேட்டதற்குச் சளி என்றாய். சளி இல்லை. காது டாக்டரின் ரிப்போர்ட்டுகளை எத்தனை அடித்திருக்கிறேன் தெரியுமா, இன்ஜின் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், தறிப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், எல்லார் ரிப்போர்ட்டும் ஒரே வரியில்தான் முடியும், இழந்த கேட்கும் திறன் திரும்ப வராது என்று. அந்த வரி வரும்போது நான் பெடலிலிருந்து காலை எடுப்பதே இல்லை, விரல் தானாக அடித்துவிடும். அதை உன் பெயருக்குக் கீழே அடிக்க எனக்குத் தெம்பு கிடையாது. இன்னும் ஆறு மாதம் அந்தச் சத்தத்தில் நின்று நீ வாங்கித் தருகிற மெஷினில் உட்கார்ந்து நான் யாருடைய காதைப் பற்றி அடிப்பேன்?

வேண்டாம் என்று எழுதிவிட்டேன், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், வேறு வழி என்ன என்று எனக்கும் தெரியவில்லை. அப்பாவின் ஓய்வூதியம் எதுவரை வரும் என்று உனக்குத் தெரியும். என் வயதில் புதிதாக யார் எடுத்துக்கொள்வார்கள் என்றும் உனக்குத் தெரியும். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று எழுதி உன்னை இறக்கியிருக்கலாம், அப்பா அப்படித்தான் எழுதச் சொன்னார், எனக்குக் கை வரவில்லை, வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்கப்போவது நீதானே. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதி, அதைப் படித்தபின்னும் இறங்கி வா என்று கேட்கிறேன். கேட்கத்தான் முடியும். பேனாவைப் பிடித்து இழுக்க இங்கிருந்து என் கை எட்டாது.

நூறு வயது நன்றாக இரு, இரண்டு காதும் கேட்க இரு. கேப்டன் அவசரப்படுத்தினால் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல், பெரிய மனிதர்கள் அவசரப்படுத்துகிற காகிதம் எதுவும் நமக்கு நல்லது செய்ததில்லை. காதடைப்பானை மறக்காதே. இன்னொன்று, இதை அப்பா கேட்கச் சொன்னார், நேரே கேட்க அவருக்குக் கூச்சம். அன்றைக்கு மெயினை அணைக்காமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று உன்னிடம் கேட்க வேண்டுமாம். மூன்று வாரமாகச் சாப்பிடும்போதுகூட இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார், லிஃப்டில் மாட்டியவர்களை இறக்கிய ஒவ்வொரு கட்டிடத்தையும் தாண்டித் தாண்டி நடந்துவிட்டு வருகிறார். சரியான பதில் உனக்குத் தெரிந்தாலும் வேண்டாம். அது எப்படியும் ஓடியிருக்காது அப்பா என்று மட்டும் எழுது. இந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா