மெட்டில்டாவிடம் கேட்ட சான்றிதழ்

கொச்சி
4.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெரால்டு எழுதுவது. அக்காள் சுகம்தானே? போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் சபைக்காரன் சிலுவை மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பாமல் இருபது நாளாகிறது. தேடப் போன படகுகள் வெறுங்கையோடு கரையேறிய அன்றே நம் சகோதர சபை அவன் வீட்டில் ஒரு லட்சம் கொடுத்திருக்க வேண்டும். உடல் கிடைக்காதவனுக்கு சர்க்கார் வருஷக்கணக்கில் காகிதம் கேட்கும், நாம் கேட்கக் கூடாது என்றுதானே மீன் விற்ற காசைப் போட்டு இந்தச் சேமநிதியை வைத்தார்கள்? நீங்கள் அவன் மனைவி மெட்டில்டாவிடம் இறப்புச் சான்றிதழ் கேட்டீர்களாமே, வெட்கமாக இல்லையா? பொருளாளர் என்று நான் ஒருவன் எதற்கு இருக்கிறேன்?

உடனே கொடுங்கள்.

ஜெரால்டு


திரேஸ்புரம்
9.11.2024

பிரியமுள்ள மச்சினன் ஜெரால்டுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அக்காள் சோறு உண்ணவில்லை. மூத்தவனைப் பார்த்து வெட்கமா என்று கேட்கிறாய், இருக்கட்டும்.

நிதியில் பணம் இல்லை. சபைக்கு ஐம்பதாம் ஆண்டு என்று அதை எடுத்துத்தான் மாடியில் ஹால் கட்டினோம். வாடகை வந்தால் நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். பூச்சு வேலையே முடியவில்லை. மெட்டில்டா வந்து நின்றபோது என்ன சொல்வதென்று தெரியாமல் சான்றிதழ் கேட்டுவிட்டேன்.

திருடன் என்று மட்டும் நினைக்காதே. கொச்சிக்குக் கிளம்பும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும் அத்தான் என்று மூன்று வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுத் தந்தது நீதான். வெளியே தெரிந்தால் உன் பெயரும் சேர்ந்துதான் நாறும். தை வரை பொறு.

பெனிஸ்டன்


கொச்சி
13.11.2024

சபைத் தலைவர் திரு. பெனிஸ்டன் அவர்களுக்கு,

நாறட்டும். கையெழுத்து என்னுடையதுதான். உறவுக்காரர் என்று நம்பி வெற்றுச் செக்கைக் கொடுத்த முட்டாள் நான். அதை வைத்தே என்னை மிரட்டுகிறீர்கள்.

நடந்ததை எல்லாம் எழுதி மெட்டில்டாவுக்கு அனுப்பிவிட்டு நேற்று போனிலும் பேசினேன். அவள் அழவில்லை.

"பணம் இல்லன்னு சொல்லியிருந்தா பேசாமப் போயிருப்பேன் அண்ணே. இந்தச் சான்றிதழுக்காக, அவுக செத்துட்டாகன்னு என் கையால மனு எழுதிக் கொடுத்துட்டேனே" என்றாள்.

 இதற்கு நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பொதுக்கூட்டத்தில் என் கடிதத்தை அவளே வாசிப்பாள். அன்றைக்கு அக்காளை மட்டும் அழைத்து வராதீர்கள்.

ஜெரால்டு
ஞாயிறு வரை பொருளாளர்