பால் கறை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

நீ போட்டுவிட்டுப் போன நைட்டியைத் துவைக்க எடுத்தேன். மார்புப் பக்கம் இரண்டு கறை. மூன்று பிள்ளை பெற்றவளுக்குப் பால் கறை தெரியாதா? லீவில் இருந்த ஒரு மாதமும் உனக்கு வரவே இல்லை. வாங்கி வைத்த நாப்கின் பிரிக்காமல் கிடக்கிறது. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. குழந்தையை யாரிடம் விட்டிருக்கிறாய்?

அம்மா

மார்ச் 11

அம்மாவுக்கு,

குழந்தையும் இல்லை, ஆளும் இல்லை. மாதவிடாய் நின்று ஆறு மாதமாகிறது. தலைவலி மண்டையைப் பிளக்கிறது. கம்பெனியில் தையல் மெஷினில் நேரே ஊசி தெரிகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தெரிவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸின் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றேன். "இப்பல்லாம் அதுக்கு யாரு காத்திருக்கா" என்றாள். கர்ப்பம் இல்லையென்று இரண்டு முறை சோதித்த பிறகுதான் தலைவலியைப் பற்றிக் கேட்டார்கள். லீவில் உன் கண்முன்னேதான் தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், நீ இன்னும் கேட்கவில்லை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி வந்தால் பிள்ளை பெறாமலே பால் சுரக்குமாம், மாதவிடாய் நின்றுவிடுமாம், பக்கப் பார்வை மறையுமாம். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, கேபர்கோலின் என்ற மாத்திரையிலேயே சுருங்கிவிடும் என்கிறார் டாக்டர். 22ஆம் தேதி ஸ்கேன். கூட ஆள் வரவேண்டும். பயமாக இருக்கிறது. வாம்மா.

மகள்

மார்ச் 18

மகளுக்கு,

தலையில் கட்டி வந்தால் மாரில் பால் வருமா? யாருக்குக் காது குத்துகிறாய்?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று சொல்லி மருந்துக்கடையில் அந்த மாத்திரையைப் பற்றி விசாரித்தேன். "குழந்தை தவறிப்போனா, பாலை நிறுத்தக் குடுப்பாங்கம்மா" என்றார் கடைக்காரர். அது செத்தா போயிற்று? என்னிடமாவது உண்மையைச் சொல். சொன்னால் மறுநாளே வருகிறேன். அதுவரை நீ இங்கே வராதே. தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அம்மா

ஜூன் 2

அம்மாவுக்கு,

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அதற்கும் இதே மாத்திரைதான். பால் எதனால் வந்தது என்று மாத்திரை கேட்பதில்லை.

கட்டி இருந்தது. இப்போது சுருங்கி வருகிறது. தலைவலி விட்டது. நேற்று மாதவிடாய் வந்தது.

ஸ்கேனுக்கு எங்கள் கம்பெனியில் இஸ்திரி போடும் அக்கா வந்தாள். லீவு கேட்டதற்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். என்ன ஏது என்று என்னைக் கேட்கவில்லை. டாக்டர் அவளைப் பார்த்து, "நீங்க அம்மாவா?" என்றார்.

"ஆமா சார். என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

நான் மறுக்கவில்லை.