பீரோ சாவி கிடைத்துவிட்டது

என்னங்க,

டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே பீரோ சாவி.

மூன்று நாளாய், "நீங்கதான் தொலைச்சீங்க" என்று உங்களை வறுத்தெடுத்தேன் இல்லையா? இன்று முழங்கால் போட்டு, "ஆண்டவரே, இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் பொறுப்பைக் கொடும்" என்று ஆரம்பித்தேன். இன்றுதான் மாற்றிப் போட்ட நர்ஸ் கோட்டுப் பையிலிருந்து ஏதோ தொடையில் குத்தியது. சாவி! ஆமென்கூடச் சொல்லவில்லை.

அதே நேரம் பக்கத்து அறையில் நீங்கள், "ஆண்டவரே, நான் தொலைச்ச சாவியைக் காட்டும், பாவம் அவ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு மணிக்குப் போதகர் வருகிறார். அவரிடம் மூச்சு விடாதீர்கள். ஆண்டவருக்குத் தெரிந்ததே போதும்.

தாள் ஓரத்தில் கொஞ்சம் இடமிருக்கிறது: மன்னிச்சிடுங்க. சாயங்காலம் சேர்ந்தே ஜெபிப்போம், முதலில் என் பையைத் தடவிப் பார்த்துவிட்டு.