துத்தநாகச் சவ்வு

நாள் 211. காலை 07:10

செவ்வாய், தேரி நிலையம். எழுதுவது செ. புஷ்பக்கனி, சவ்வு ஆய்வாளர். நிலையப் பதிவேடு தனி. இது என் சொந்தக் குறிப்பு. யார் கையில் கிடைக்கிறதோ அவர் படிக்கலாம்.

ஏழாவது சவ்வை இன்று பொருத்தினேன். பழைய பாலிமர் சவ்வு பனிக்குழி நீரை நாளுக்கு ஆறு லிட்டர் வடிகட்டியது. இது பதினான்கு லிட்டர் தருகிறது. சோதனையில் ஆர்செனிக் இல்லை. சரக்குக் கலம் வர முப்பது நாள் இருக்கிறது. ஆறு லிட்டரை வைத்துக்கொண்டு நான்கு பேர் முப்பது நாள் ஓட்டியிருந்தால் ஒருவரையொருவர் கடித்துத் தின்றிருப்போம்.

நால்வருமே தூத்துக்குடிப் பக்கம். செம்மணலைப் பார்த்ததும் ஊர்ச் செம்மண் மேட்டின் நினைவில் தேரி என்று பெயர் வைத்துவிட்டோம். தலைவர் மாசிலாமணி. டாக்டர் செலின் அவர் மனைவி. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன் சுடலைமுத்து. நால்வரில் இளையவன், வாய் மட்டும் மூத்தது.

நாள் 211. பிற்பகல் 13:30

பாலிமர் படலம் இறுகினால் நீர் வராது, இளகினால் நஞ்சும் சேர்ந்து வரும். அதனால் வார்க்கும்போதே உலோக-கரிமச் சட்டகத் தூளைக் கலப்பேன். உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் கட்டிய நுண்ணிய கூண்டுகள் அவை. நீர் கூண்டுக்குள் நுழைந்து போய்விடும், ஆர்செனிக் வெளியே நின்றுவிடும்.

சிர்கோனியத்தில் கட்டிய கூண்டு அமிலத்தைத் தாங்கும். துத்தநாகக் கூண்டு தாங்காது, கரைந்து ஓட்டையாகிவிடும். சிர்கோனிய உப்பு ஜாடியின் மூடியைத் திறந்து போட்டுவிட்டேன். ஈரம் ஏறி முழுதும் பாழ். மாசிலாமணி ஏற்கெனவே என்னை எல்லார் முன்னாலும் கவனமில்லாதவள் என்றவர். இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. துத்தநாகத்தில் வார்த்தேன். பதிவேட்டில் சிர்கோனியம் என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

நாள் 219. காலை 08:00

சவ்வில் உப்பு படிகிறது. வரத்து பத்து லிட்டர். வழக்கமாக வாராவாரம் சிட்ரிக் அமிலத்தில் கழுவுவோம். அமிலம் தீர்ந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. வெறும் நீரில் அலசினால் போதும் என்று சுடலையிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொன்னதைச் செய் என்று எரிந்து விழுந்தேன்.

நாள் 222. காலை 09:00

வரத்து ஏழு லிட்டர். மாசிலாமணி பங்கைக் குறைத்தார். சுடலை அரை டம்ளர் கூடுதலாகக் குடித்ததைப் பார்த்துவிட்டார். சட்டையைப் பிடித்துச் சுவரோடு அடித்தார். அவன் உதடு கிழிந்தது. ஒழுகிய ரத்தத்தை அவன் நக்கிக்கொண்டான், வேண்டுமென்றே, அவர் பார்க்கும்படி. செலின் நடுவில் புகுந்து விலக்கினார்.

பனியைத் துளைக்கும் துரப்பணத்தைச் சரிபார்க்க நான் பனிக்குழிக்குப் புறப்படுகிறேன். இரண்டு நாள்.

நாள் 224. காலை 10:20

பனிக்குழி. நிலையத்திலிருந்து சுடலையின் குரல் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, இருபத்திரண்டு லிட்டர் வருது. எங்கம்மா பித்தளைக் குடத்துக்குப் போடுத மாதிரி புளியக் கரைச்சு ராத்திரி முழுக்க ஊறப்போட்டுட்டேன். பதிவேட்டப் பாத்துட்டுத்தான் செஞ்சேன். சிர்கோனியம்லா, புளி என்ன செய்யப் போவுது?"

குடிக்காதே என்று கத்தினேன். மாசிலாமணி அண்ணாச்சியும் செலின் மதினியும் வயிறு நிறையக் குடித்தாகிவிட்டது, அண்ணாச்சியைச் சமாதானப்படுத்த முதல் குடத்தை அவர்களுக்கே கொடுத்தேன், இனிமேல்தான் என் முறை என்றான். ஏன் குடிக்கக் கூடாது என்று கேட்டான். தொடாதே என்று மட்டும் சொன்னேன்.

வரத்து மூன்று மடங்கு ஏறினால் சவ்வு சுத்தமாகிவிட்டது என்று பொருளில்லை. சவ்வே இல்லை என்று பொருள். வண்டியில் நான்கு மணி நேரம்.

நாள் 224. பிற்பகல் 15:05

தரையெல்லாம் வாந்தி. செலின் வில்லாக வளைந்து துடிக்கிறார். தனக்கு என்ன ஊசி போட வேண்டும் என்று அவரே சொன்னார். போட்டேன். இருந்த மருந்து ஒரு ஆளுக்குத்தான். மாசிலாமணி தன் பங்கையும் மனைவிக்கே போடச் சொல்லிவிட்டார்.

ரசம் வைக்கப் புளி கொண்டுவந்தோம். கடைசியில் அதுதான் எங்களைக் கொல்கிறது.

நாள் 225. காலை 09:50

செலின் 09:12க்கு இறந்தார். வலிப்பில் நாக்கைக் கடித்துத் துண்டாக்கியிருந்தார். மாசிலாமணி அவர் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தார். பைப் ரின்ச்சை எடுத்துக்கொண்டு நேரே சுடலையிடம் போனார். நீ மட்டும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றார்கள் என்று அவன் சொல்லி முடிக்குமுன் முதல் அடி தாடையில் விழுந்தது. பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. இரண்டாவது அடியை இடது கையால் தடுத்தான். விரல்கள் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவனை ஆய்வறைக்குள் இழுத்துப் போட்டு, நானும் உள்ளே நின்று தாழிட்டேன்.

நாள் 225. காலை 11:40

கதவில் அடி விழுந்துகொண்டே இருக்கிறது. நடுவில் நிறுத்திவிட்டு வாந்தி எடுக்கிறார், மறுபடி அடிக்கிறார். உள்பேசியில் வந்தது:

"புஷ்பம், அவன வெளிய அனுப்பு. ஒனக்கும் எனக்கும் ஒரு வழக்கும் கிடையாது."

சுடலைக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. புளியால்தான் இப்படி ஆனதா என்று கேட்டான். அவனுக்கு அது மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது. நான் ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை. இதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாள் 225. பிற்பகல் 14:15

அவன் கைக்குக் கட்டுப் போடத் துணி கிழிக்கத் திரும்பினேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நான் ஓடுவதற்குள் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டான். உள்பேசியில் கேட்டது:

"அண்ணாச்சி, நாந்தான் செஞ்சேன். அக்காவ ஒண்ணும் செஞ்சிராதீங்க."

ஏழு அடி. எண்ணினேன். நான்காவதுக்குப் பிறகு அவன் குரல் இல்லை.

அந்த நேரத்தில் என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கதவை மறுபடி தாழிட்டுக்கொண்டிருந்தது.

நாள் 225. மாலை 16:00

சொல்லிவிட்டேன். என் சொற்கள்:

"அண்ணாச்சி, சுடலை மேல தப்பே இல்ல. அந்தச் சவ்வு துத்தநாகம். பதிவேட்டுல பொய் எழுதுனது நான். அவன் அத நம்பித்தான் கழுவினான்."

கதவை உடைப்பார் என்று காத்திருந்தேன். உள்பேசியில் மூச்சு வாங்க, அடங்கிய குரல் வந்தது:

"இத காலையில சொல்லியிருக்கலாம்லா தாயி."

பிறகு எதையோ இழுத்துக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது.

நாள் 225. மாலை 16:35

கூரைக் குழாயில் காற்று நின்றுவிட்டது. அதை மூடித் திறக்கும் அடைப்பான் வெளியே நடைபாதையில் இருக்கிறது. அறை சிறியது. இன்னும் மூன்று மணி நேரம் வரலாம், அசையாமல் இருந்தால்.

படிப்பவருக்கு: ஏழாவது சவ்வை நம்பாதீர்கள். பதிவேட்டில் 211ஆம் நாள் வரியை அடித்துத் திருத்துங்கள். சுடலைமுத்துவின் வீட்டில் கேட்டால் அவன் விதிப்படிதான் வேலை செய்தான் என்று சொல்லுங்கள். என் வீட்டில் கேட்க மாட்டார்கள்.

நாள் 225. மாலை 18:50

தலை இடிக்கிறது. எழுத்து கோணுகிறது. தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். வெளியே போய் அவர் முன்னால் நிற்கலாம் என்றுதான். கதவு வெளிப்பக்கம் திறப்பது. தள்ளினேன். நகரவில்லை.

கதவின் கீழ்ப்பாதியில் உள்ள கண்ணாடித் துளையில் குனிந்து பார்த்தேன். சுடலையைக் கதவோடு உட்கார வைத்து, அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை முட்டுக் கொடுத்திருக்கிறார். அவன் முகம் கண்ணாடியின் ஓரத்தை ஒட்டி இருக்கிறது. பக்கத்தில் மாசிலாமணி தரையில் கிடக்கிறார், அசைவில்லை. அடைப்பான் அவர் தலைக்கு மேலே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான்

கத்தினேன். அவர் கண் திறக்கவில்லை. காற்று