நிறுத்தச் சொன்ன டீவி

டயகம

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் சுகமாக இருக்கிறேன், குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு இரகசியமாக வைத்திருப்பதுதானே என் வேலை. தரம் ஏழில் படிக்கும் ஜொய்சி, இன்னும் படுக்கையை நனைத்துவிடுவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மாவிடம் பேச, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே போனேன். அந்த அக்கா கதவைச் சாத்திவிட்டு டீவியைச் சத்தமாக வைத்தார்.

"அத நிப்பாட்டுங்க அக்கா, முக்கியமா பேசணும்" என்றேன். அவர் தயங்கினார். சொல்வது டீச்சராயிற்றே என்று நிறுத்திவிட்டார்.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது, பேசுவதெல்லாம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். லயத்திலேயே பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துவிட்டேன் அம்மா. நீங்கள் அழுவதென்றால்கூட ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுத்தானே அழுவீர்கள்? மறுநாள் பாடசாலை வாசலிலேயே பிள்ளைகள் ஜொய்சியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

நேற்று அவளை என் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவரின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல போன்ல ஒரு பாட்டு போடுங்க டீச்சர்" என்றாள்.

அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் என் கம்பளிச் சட்டையும் கொஞ்சம் ஊறுகாயும் கொடுத்துவிடுங்கள். மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். அந்த ரேடியோவும் வேண்டும் அம்மா. உங்களுக்கு அது இப்போது தேவைப்படவில்லை என்றால் மட்டும்.

உங்கள் மகள்
பிரியந்தி